ஒன்பது ஆட்டத்து ஆயுள்

ஒரு சாமான் எப்போது செத்துப்போகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் லேசில் பதில் சொல்லிவிட மாட்டார்கள். வேட்டி கிழிந்தால் துண்டு. துண்டு கிழிந்தால் அடுப்பங்கரையில் கரித்துணி. கரித்துணியும் நைந்துபோனால் சைக்கிள் துடைக்க ஆகும். பானை உடைந்தால் ஓட்டாஞ்சில்லைப் பிள்ளைகள் பாண்டி ஆட எடுத்துக் கொள்வார்கள். சாவு என்பது அவர்கள் கணக்கில் மிகவும் தாமதமாக வருகிற விருந்தாளி.

டென்னிஸ் பந்தின் கதை வேறு. அது கிழிவதில்லை, உடைவதில்லை, உருண்டை கொஞ்சமும் குறைவதில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் நேற்று இருந்தது போலவே இருக்கும். ஆனாலும் ஆடுகிறவன் அதை இரண்டு முறை தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்று ஓரமாக எறிந்துவிடுகிறான். அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பந்தின் ஜாதகம் முடிந்துவிடுகிறது.

அதற்குள் இருப்பது காற்று. வெளிக் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். ரப்பர் நம் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் காற்றுக்கு அது சல்லடைதான். டப்பாவுக்குள்ளும் அதே அழுத்தம் இருக்கிறவரை பந்துக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியே போக அவசரம் இல்லை. அதற்காகத்தான் அழுத்தம் நிரப்பிய டப்பாவை அமெரிக்காவில் 1926-ல் கண்டுபிடித்தார்கள். டப்பாவின் தகட்டைக் கிழித்ததும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். அந்த நிமிஷத்திலிருந்து சாவு ஆரம்பம். அடித்தாலும் சாகும், அடிக்காமல் அலமாரியில் வைத்தாலும் சாகும். நூறு அங்குல உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கீழே எழும்புகிற பந்து பந்தல்ல. உடம்பைப் பற்றி நம் சித்தர்கள் பாடி வைத்ததையெல்லாம் இந்தப் பந்துக்கும் பாடலாம்.

பெரிய போட்டிகளில் இன்னும் மோசம். அங்கே சாகும்வரை காத்திருப்பதுகூட இல்லை. முதல் ஏழு ஆட்டம் முடிந்ததும் ஆறு பந்தையும் மாற்றிவிடுகிறார்கள். பிறகு ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தரம். முதல் தடவை ஏன் ஏழு என்றால், ஆரம்பத்தில் கை பழகிக் கொள்வதற்காக அடிப்பதை இரண்டு ஆட்டமாகக் கணக்கு வைத்துக் கொள்கிறார்கள். எவ்வளவு நியாயமான கணக்கு! விம்பிள்டனில் இரண்டு வாரத்தில் சுமார் 55,000 பந்துகள் செலவாகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 30 கோடிக்கு மேல் செய்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பந்தின் எடை 58 கிராம் என்று வைத்துக் கொண்டு பெருக்கிப் பார்த்தேன். 17,000 டன்னுக்கு மேல் வருகிறது. ஒன்றாகக் குவித்து வைத்தால் நம் ஊர்க் கோபுரம் மறைந்துபோகும். குவித்து வைக்காமல் உலகம் முழுவதும் குப்பை மேடுகளில் பரப்பி வைத்திருப்பதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் யாரோ ஒரு விரோதி எழுதுவதாக எண்ண வேண்டாம். நான் டென்னிஸ் பிரியன். வாரத்தில் நாலு நாள் காலையில் எங்கள் ஊர்க் கிளப்புக்குப் போகிறவன். புதுப் பந்து டப்பாவைத் திறந்ததும் வருகிற அந்த ரப்பரும் கம்பளியும் கலந்த வாசனைக்கு, என்னைப் பொறுத்தவரை, முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பும் வாசனைக்கு அடுத்த ஸ்தானம் உண்டு. அதே சமயம் ஏரியில் குப்பை கொட்டாதீர்கள், பிளாஸ்டிக் பையை விடுங்கள் என்று நாலு பேர் கூடிய இடத்தில் பேசுகிறவனும் நான்தான். இந்த இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் எப்படிக் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் நாவல்களைப் படித்துவிட்டு அடிக்கடி வீட்டுக்கு வரும் ஓர் இளைஞர். "ஸார், கூட்டத்தில் பேசினது நன்றாக இருந்தது. ஆனால் உங்கள் டென்னிஸ் பையைப் பார்த்தேன். அதை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார். கேட்டதில் குறும்பு இல்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ள விரும்பினார். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளின் பிறப்பைத் தெரிந்து கொள்ளாமல் அதன் சாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நாவலாசிரியனுக்கு அழகல்ல.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. கம்பளி நெசவுக்குப் பேர்போன இடம். அங்கே ஆலைகளில் கம்பளித் துணியின் மேலே சிலும்பி நிற்கும் ரோமத்தை ஒரே மட்டமாகக் கத்தரிக்க ஒரு சுழல் கத்தி யந்திரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த எட்வின் பட்டிங் என்ற மனிதருக்கு, துணியின் ரோமத்தைக் கத்தரிக்கலாம் என்றால் தரையின் புல்லை ஏன் கத்தரிக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. 1830-ல் புல்வெட்டும் யந்திரம் பிறந்தது. அதற்கு ஒன்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடு பண்ணினால் அது வெயிலுக்கு உருகாது, குளிருக்கு நொறுங்காது, துள்ளல் மட்டும் நிலைத்து நிற்கும் என்று கண்டுபிடித்தார். மட்டமான புல்தரை ஒன்று, அந்தப் புல்லிலும் துள்ளுகிற பந்து ஒன்று. இரண்டும் சேர்ந்த பிறகுதான் 1870-களில் இன்றைய டென்னிஸ் பிறக்க முடிந்தது. விம்பிள்டன் முதல் போட்டி 1877-ல். வெறும் ரப்பர் பந்துக்கு மேலே கம்பளித் துணி போர்த்தினால் நன்றாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கம்பளி எங்கிருந்து? அதே ஸ்ட்ரவுட்டிலிருந்துதான். அந்தப் பட்டணம் இன்றைக்கும் டென்னிஸ் பந்துக்குத் துணி நெய்வதில் பெயர் பெற்றது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரே ஊர் தரையையும் கொடுத்து, பந்துக்குச் சட்டையையும் கொடுத்திருக்கிறது. கதையில் நான் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர், "ரொம்பப் பொருந்தி வருகிறதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் ரப்பரின் கதை அவ்வளவு சந்தோஷமானதல்ல. விம்பிள்டனுக்கு ஒரு வருஷம் முந்தி, 1876-ல், ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 சொச்சம். அந்தக் கன்றுகள் முதலில் இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயா. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆண்களும் பெண்களும் கப்பலேறிப் போனார்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, இருட்டிலேயே பால்மரத்தில் கத்தி வைத்து, வாளி சுமந்து, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணானவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. உலகத்தில் எங்கெங்கோ வெள்ளை உடை உடுத்தியவர்கள் அடித்த பந்தில் நம்மவர்கள் வடித்த பாலும் இருந்தது. டென்னிஸை நான் சீமை விளையாட்டு என்று நினைத்துக் கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

இன்றைக்குப் பந்து செய்கிற வேலை இன்னும் சுற்றி வளைத்துக் கொண்டுவிட்டது. விம்பிள்டனுக்கு 1902 முதல் பந்து கொடுத்து வரும் ஸ்லாஸெஞ்சர் கம்பெனி, முன்பெல்லாம் இங்கிலாந்திலேயே பார்ன்ஸ்லி என்ற ஊரில் பந்து செய்து கொண்டிருந்தது. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் வேலை பிலிப்பைன்ஸ் தீவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு பல்கலைக் கழக ஆசிரியர் பந்துக்குள் இருக்கும் சரக்குகளின் வழியைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். ரப்பர் மலேசியாவிலிருந்து. கம்பளி நியூஸிலாந்தில் கத்தரித்து, இங்கிலாந்துக்குப் போய்த் துணியாகி, திரும்ப பிலிப்பைன்ஸுக்கு வருகிறது. களிமண் அமெரிக்காவிலிருந்து. எல்லாம் சேர்ந்து பந்தாகி லண்டன் போய்ச் சேர்வதற்குள் 50,000 மைலுக்குமேல் பிரயாணம். பூமியை இரண்டு முறை சுற்றி வந்து, ஒன்பது ஆட்டம் ஆடி, ஓய்வு பெற்றுவிடுகிறது! காசிக்குப் போனவன் கங்கையில் கால் நனைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிய மாதிரி. விம்பிள்டன்காரர்கள் ஆடிய பந்துகளைக் குப்பையில் போடுவதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு விற்று அந்தப் பணத்தைத் தருமத்துக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். மற்ற 29 கோடிச் சொச்சத்துக்கு அந்த யோகம் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவன் டென்னிஸ் ஆடலாமா? இளைஞர் கேட்டது இதுதான்.

இதே கேள்வியை என்னைவிடப் பெரியவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். ரோஜர் ஃபெடரரிடம். 2018 நவம்பரில் ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்து கிரெடிட் சுவிஸ் வங்கிக்குள் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் டென்னிஸ் உடை போட்டுக் கொண்டு நுழைந்தார்கள். கௌண்டருக்கு முன்னால் மட்டையை வீசி டென்னிஸ் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வங்கி நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கடன் கொடுக்கிறது, ஃபெடரர் அந்த வங்கிக்கு விளம்பர முகமாக இருக்கிறார், இது தகுமா என்பது அவர்கள் வாதம். அத்துமீறி நுழைந்ததற்காக அபராதம் விதித்தார்கள். பையன்கள் அப்பீல் செய்தார்கள். 2020 ஜனவரியில் ஒரு நீதிபதி, பூமிக்கு வந்திருக்கும் ஆபத்தை நினைத்தால் அவர்கள் செய்தது அவசியத்தால் செய்த காரியம் என்று விடுதலை செய்துவிட்டார். மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை அதே வருஷம் செப்டம்பரில் புரட்டியது. 2021-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் புரட்டியது புரட்டியதுதான் என்றது. அந்த வங்கியே 2023-ல் இன்னொரு வங்கிக்குள் கரைந்துபோயிற்று. அது கிடக்கட்டும்.

முதல் தீர்ப்பு வந்த சமயத்தில் ஃபெடரர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அங்கே காடுகள் எரிந்து கொண்டிருந்தன. தீர்ப்புக்கு மறுநாள் மெல்பர்னில் தகுதிச் சுற்று ஆடிய ஸ்லொவீனியாப் பெண் டலிலா யாகுபோவிச், முதல் செட்டை ஜெயித்தும்கூட, புகையில் மூச்சு முட்டி இருமிக்கொண்டே கோர்ட்டில் மண்டியிட்டு விழுந்து ஆட்டத்தை விட்டுக் கொடுத்தாள். நிக் கிர்யோஸ், தான் போடும் ஒவ்வொரு ஏஸுக்கும் 200 டாலர் தீ நிவாரணத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தான். கோபக்காரன் என்று பேர் எடுத்த பிள்ளை. கொடை விஷயத்தில் அவனுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஃபெடரர் ஓர் அறிக்கை விட்டார். சீதோஷ்ண மாறுதலின் ஆபத்தைத் தாம் உணர்ந்திருப்பதாகவும், நாலு குழந்தைகளின் தகப்பன் என்ற முறையில் இளைஞர்களின் முயற்சியை மதிப்பதாகவும், தம்முடைய பொறுப்பை அவர்கள் நினைவுபடுத்தியதற்கு நன்றி என்றும், தமக்கு ஆதரவு தரும் கம்பெனிகளோடு இதைப் பற்றிப் பேசுவதாகவும் அதன் சாரம். வங்கியை விட்டு விலகுவதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த அறிக்கையைச் சிலர் நழுவல் என்றார்கள். சிலர் பெருந்தன்மை என்றார்கள். எனக்கு அது இரண்டுமாகத் தோன்றியது. நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையின் முக்கியமான அறிக்கைகளை எல்லாம் அந்தத் தொனியில்தான் எழுதிக் கொண்டிருக்கிறோம். பெண்ணின் கல்யாணத்துக்கு வரதட்சிணை வாங்க மாட்டேன் என்று பேசுகிறவர், "பிள்ளை வீட்டாரோடு பேசுகிறேன்" என்பார் பாருங்கள், அந்தத் தொனி.

விளையாட்டின் நடுவே புகுந்து தடுக்கிறவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 2022-ல் பாரிஸில் ஒரு பெண் அரையிறுதி ஆட்டத்தில் நெட்டோடு தன் கழுத்தைக் கட்டிக் கொண்டாள். 2023-ல் விம்பிள்டனில் கலர்க் காகிதத் துண்டுகளை எறிந்தார்கள். அதே வருஷம் நியூயார்க்கில் கோகோ காஃப் ஆடிக் கொண்டிருந்தபோது ஒருவர் வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவிட்டார். ஆட்டம் 49 நிமிஷம் நின்றது. பத்தொன்பது வயதுப் பெண் அந்தக் காஃப். தன் ஊர்ப் போட்டியில் அரையிறுதி. எரிந்து விழுந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவள், இது என் ஆட்டத்தில் நடக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் தங்கள் குரல் கேட்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் அதற்காக நான் கோபப்பட முடியாது என்ற கருத்தில் பேசினாள். எனக்குக் காலை ஒட்டிக் கொண்டவரைவிட இவளுடைய பதில்தான் பெரிதாகப் பட்டது. ஒரு நியாயத்தை நம் ஆட்டத்துக்கு நடுவே வந்து குறுக்கிடும்போதும் நியாயம் என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமல்ல.

சரி, ஆடலாமா, கூடாதா?

கூடாது என்பவர்களின் கட்சியை முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். விளையாட்டு என்பது அவசியமல்ல. சோறு அவசியம், துணி அவசியம், மருந்து அவசியம். அவசியத்துக்காகப் பூமியைத் தோண்டினால் மன்னிப்பு உண்டு. சுகத்துக்காகத் தோண்டினால் கிடையாது. இது பலமான வாதம். ஆனால் இதைக் கடைசி வரை பிடித்துக் கொண்டு போனால் முதலில் மூட வேண்டியது என் கடையைத்தான். நாவல் அவசியமா? மரத்தை வெட்டிக் காகிதமாக்கி, அதில் நான் கற்பனையாக இரண்டு பேருக்குக் காதல் உண்டாக்கி, கடைசியில் பிரித்து வைக்கிறேன். விற்காத பிரதிகளைப் பழைய காகிதக்காரர் எடைக்கு எடுத்துப் போகிறார். ஒரு முறை கடற்கரையில் சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் என்னுடைய கதாநாயகி கண்ணீர் விட்டுக் கொண்டிருந்தாள். அந்தக் காகிதமாவது இரண்டாவது ஜன்மம் எடுத்தது என்று ஆறுதல் அடைந்தேன். அவசியம் இல்லாத காரியங்களை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுகிற மனிதன் உயிரோடு இருப்பான், சந்தேகமில்லை. எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்று அவன் கேட்டால் நம்மிடம் பதில் இராது.

ஆடலாம் என்பவர்களின் கட்சி வேறு மாதிரி. "அதுதான் மறுபடி உபயோகப்படுத்துகிறார்களே!" என்பது அவர்கள் பதில். வாஸ்தவம். அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற மாகாணத்தில் 2016-ல் ஆரம்பித்த ஒரு தரும ஸ்தாபனம் கிளப்புகளுக்கு 200 பந்து பிடிக்கும் பெட்டிகளை அனுப்பி, நிரம்பியதும் திரும்ப வாங்கிக் கொள்கிறது. ரப்பரையும் கம்பளியையும் பிரிக்க யந்திரம் வைத்திருக்கிறார்கள். பொடியாக்கிய ரப்பரைப் புதிய டென்னிஸ் கோர்ட்டின் அடித்தளத்தில் சேர்க்கிறார்கள். ஒரு கோர்ட்டுக்குச் சுமார் 10,000 பந்து பிடிக்கும் என்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து டென்னிஸ் சம்மேளனமும் மஞ்சள் பந்து இயக்கம் என்று ஒன்றை நடத்தி, பழைய பந்துகளைத் தரும ஸ்தாபனங்களுக்கு விளையாட்டுத் தரையாக்கித் தருகிறது. 2001-ல் விம்பிள்டனின் பழைய பந்துகளில் ஒரு சிறு துவாரம் போட்டு, வயல்வெளியில் கம்பு நட்டு அதன் மேலே வைத்தார்கள், வீடு இழந்து கொண்டிருந்த ஒரு சின்ன ஜாதி எலிக்குக் குடியிருப்பாக. விரல் பருமன் எலி, கம்பளிச் சுவருள்ள பங்களா!

பொடியாக்குவதைவிட எனக்குப் பிடித்த மறுபிறவி வேறொன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் காம்ப்டன் என்ற ஏழைப் பேட்டையில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற தகப்பன், தன் இரண்டு சின்னப் பெண்களுக்கும் ஊரில் பணக்காரர்கள் ஆடி எறிந்த பழைய பந்துகளைச் சேர்த்து வைத்து ஆடக் கற்றுக் கொடுத்தான். செத்த பந்து உயரத் துள்ளாது. அதைப் பிடிக்க முன்கூட்டியே ஓட வேண்டும், குனிய வேண்டும். வீனஸும் செரீனாவும் அப்படி ஓடிக் கற்றவர்கள். யாரோ இதற்கு ஆயுள் முடிந்தது என்று தீர்ப்புச் சொன்ன பந்துகளில்தான் அந்த ஆட்டம் உருவாயிற்று.

இவ்வளவு இருந்தும் "மறுபடி உபயோகப்படுத்துகிறார்களே" என்ற பதிலில் என் மனசு சமாதானம் அடையவில்லை. காரணம் சொல்கிறேன். ரசாயனத்தில் எனக்குக் கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்துக்குமேல் கிடையாது. ஆனாலும் இது புரிகிறது. கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரப்பரை இரும்பைப் போலவோ கண்ணாடியைப் போலவோ உருக்கி மறுபடியும் பந்தாக வார்க்க முடியாது. எந்தக் குணத்துக்காக குட்இயரைக் கொண்டாடினோமோ அதே குணம் இப்போது வழியை அடைக்கிறது. ஆகவே பழைய பந்து தரையாகலாம், எலி வளையாகலாம், பந்தாகாது. புதுப் பந்துக்கு மறுபடியும் பால்மரம்தான் வேண்டும். தவிர, திரும்பப் பெறுகிற பந்துகள், செய்கிற பந்துகளில் ஒரு சிறு பங்கு.

எங்கள் பக்கத்தில் அநியாய வட்டி வாங்கும் ஒருவர் சித்திரை மாதத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார். ஏலக்காய் போட்ட பானகம், நீர் மோர். வெயிலில் வருகிறவனுக்குத் தாகம் உண்மையாகவே தீர்கிறது. மோரில் வட்டி ருசிக்காது. அந்தப் புண்ணியத்தை நான் குறைத்துச் சொல்லத் தயாராயில்லை. ஆனால் பந்தல் போட்டதனால் வட்டி விகிதம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. பந்தல் வைத்த தைரியத்தில் அடுத்த வருஷம் அரை வட்டி ஏறினாலும் ஏறும். பழைய பந்துப் பெட்டியை வாசலில் வைத்துவிட்ட கிளப், அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்தே கூச்சமில்லாமல் இன்னும் இரண்டு டப்பா கூடத் திறக்கும். மனித சுபாவம் அப்படி. பரிகாரம் சுலபமாகக் கிடைக்கிற ஊரில் பாவமும் தாராளமாகத்தான் நடக்கும்.

ஆகையால் நான் பார்க்கிற இடம் வேறு. டென்னிஸில் எனக்கு எது பிடிக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். காலடி வைக்கிற கணக்கு பிடிக்கிறது. எதிராளி எங்கே அடிப்பான் என்று முன்கூட்டியே ஊகிப்பது பிடிக்கிறது. மெதுவாக நெட்டைத் தாண்டி உதிர்கிற பந்து பிடிக்கிறது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது கையின் நயத்தால்; பலத்தால் அல்ல என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மர மட்டையும் வெள்ளைப் பந்தும் இருந்த காலம் அது. (மஞ்சள் பந்து டெலிவிஷனில் நன்றாகத் தெரிவதற்காக 1972-ல் வந்தது. விம்பிள்டன் வீம்பு பிடித்து 1986 வரை வெள்ளையிலேயே இருந்தது.) இந்தச் சந்தோஷங்களில் எதற்கும் ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு புதுப் பந்து வேண்டியதில்லை. வேண்டியிருப்பது அந்த 'புஸ்' சத்தத்துக்கு. அந்த வாசனைக்கு. அதாவது புதுசு என்ற போதைக்கு. என் மனசுக்குள் ஆட்டப் பிரியன் ஒருவனும் புதுசுப் பிரியன் ஒருவனும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மட்டையைப் பிடித்திருந்ததால் ஒருவன் என்றே நினைத்துவிட்டோம். இளைஞரின் கேள்வி இரண்டாவது ஆளைக் குறித்தது. முதல் ஆள் அதற்காகக் கோர்ட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை.

சொல்வது சுலபம். உள்ளே காற்றழுத்தம் இல்லாத பந்து என்று ஒன்று விற்கிறது. கனமான ரப்பர்ச் சுவரின் பலத்திலேயே துள்ளும். காற்றுப் போவதற்கு இல்லையாகையால் மாதக் கணக்கில் உழைக்கும். கம்பளி தேய்ந்து மொட்டையாகும் வரை ஆடலாம். நானும் என்னோடு ஆடும் மூன்று பேரும் போன கார்த்திகையிலிருந்து பழக்கத்துக்கு அதைத்தான் வைத்துக் கொண்டிருக்கிறோம். அதன் குறைகளை மறைக்க மாட்டேன். மட்டையில் படும்போது கட்டையில் அடித்தது போல இருக்கிறது. சுழற்சி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாற்பதைத் தாண்டிய முழங்கைக்கு அது நல்லதல்ல என்று வைத்தியர் முகத்தைச் சுளிக்கிறார். இரண்டு மாதத்துக்கு மேல் இரவில் தைலம் தடவிக் கொண்டுதான் படுத்தேன். "பூமியைக் காப்பாற்றுகிறதற்கு முந்தி கையைக் காப்பாற்றிக் கொள்ளுங்கள்" என்றாள் என் மனைவி. சுகம் குறைந்துதான் போயிற்று. எத்தனை குறைந்தது என்று அளந்து பார்த்தால் பத்தில் இரண்டு பங்கு இருக்கலாம். மிச்சம் எட்டுப் பங்கு அப்படியே இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

பந்தைவிட விமானம்தான் பெரிய குற்றவாளி என்பது எனக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு ஒரு கண்டம் பறக்கிறார்கள். பார்க்கிறவர்களும் பின்னாலேயே பறக்கிறார்கள். அதற்குமுன் என் ஆறு பந்து எம்மாத்திரம் என்று வக்கீல் நண்பர் ஒருவர் கேட்டார். எம்மாத்திரமும் இல்லைதான். ஆனால் விமானம் என் கையில் இல்லை, பந்து இருக்கிறது. விம்பிள்டனில் மட்டைகளுக்கு நரம்பு கட்டித் தரும்போது ஒவ்வொரு மட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். 2019-ல் அதை நிறுத்தினார்கள். 4,500 பை மிச்சம். யாருடைய ஆட்டமும் அதனால் கெட்டுப் போகவில்லை. எதற்காக அத்தனை வருஷம் போட்டுக் கொடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

எங்கள் கிளப்பில் ஸாமான் அறையில் மூன்று கோணி நிறையப் பழைய பந்து கிடந்தது. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து காட்டினோம். இரும்புக்கு விலை சொன்னார், காகிதத்துக்கு விலை சொன்னார், காலி டப்பாவைக்கூட மூடி தனி, உடம்பு தனி என்று பிரித்துக் கொடுத்தால் எடுத்துக் கொள்கிறேன் என்றார். பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரேட்டே இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வேண்டாம் என்றதைத் தெருப் பையன்கள் வேண்டும் என்றார்கள். டென்னிஸ் ஆடுகிறவனுக்குச் செத்த பந்து கிரிக்கெட் ஆடுகிறவனுக்குச் சிரஞ்சீவி. அவர்களுக்கு ஒரு கோணி போயிற்று. நகராட்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் காது மந்தமான குழந்தைகள் படிக்கும் வகுப்பில் நாற்காலியை இழுக்கிற சத்தம் தலைவேதனையாக இருக்கிறது என்று சொல்லி, பந்தில் கீறல் போட்டு நாற்காலிக் கால்களுக்குச் செருப்பு மாதிரி மாட்ட வாங்கிக் கொண்டு போனார். நாற்காலிக்கு நாலு. எங்கள் மார்க்கர்தான் உட்கார்ந்து கீறிக் கொடுத்தார். இன்னும் ஒன்றரைக் கோணி இருக்கிறது.

அடுத்த மாதம் ஜில்லாப் போட்டி எங்கள் கோர்ட்டில் நடக்கிறது. பந்து மாற்றுவதை ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு தரம் என்று வைத்துக் கொண்டால் போதும், ஆடிய பந்துகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரியதரிசி அதைப் படித்துவிட்டு, "வெளியூர் ஆட்டக்காரர்கள் நம்மைக் கஞ்சர்கள் என்று நினைக்க மாட்டார்களா ஸார்?" என்றார். கமிட்டியில் ஏழு பேர். மூன்று பேர் என் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். நாலாவது ஓட்டுக்காக நாளைக் காலையில் அந்த வக்கீல் நண்பரோடு ஆடப் போகிறேன். அவருக்குப் பிடித்த புதுப் பந்து டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.